மண்டபத் திறப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்துச் சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலய மண்டபங்கள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இந்த ஊரில் 27 வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சிலருடைய பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். காளான் தூள், காளான் கோப்பி, காளான் குளிசை விற்பவர்கள் ‘சுகாதாரக் கருத்தரங்கு’ என்று மண்டபம் கேட்டு வரும்போது, திறப்பைக் கொடுக்க முன் அவர்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் திறப்பைக் கொடுக்க வேண்டாம். இதைக் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற வருடம் ஐப்பசி மழை பிடித்த கிழமை. என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஆறு தரம் ஏற்ற வேண்டும், இரண்டு தரம் முடிந்திருந்தது. தலைமயிர் கொட்டி, வாய் புண்ணாகி, சோற்று மணம் பிடிக்காமல் இருந்த நாட்கள். அந்த நேரத்தில் அவருடைய ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கதிரை போட்டு, பணிசும் தேநீரும் கொடுத்து, திரையில் படம் காட்டினார்கள். பேச வந்தவர் வெளியூர்க்காரர். ரெய்ஷி என்ற காளானில் இருக்கும் பல்சக்கரைட்டு எதிர்ப்புச் சக்தியைக் கட்டியெழுப்பும், கீமோ அதே எதிர்ப்புச் சக்தியை உடைக்கும், இரண்டையும் ஒன்றாக எடுத்தால் ஒரு கை கட்ட மறு கை இடிக்கும் என்றாராம். ஒரு போத்தல் 18,500 ரூபா. மச்சாள் காப்பு ஒன்றை அடகு வைத்து மூன்று போத்தல் வாங்கினார். அடுத்த இரண்டு கீமோவுக்கும் போகவில்லை. எங்களிடம், “திகதி மாத்திப் போட்டினம்” என்று சொன்னார்.

அரிசி வாளிக்குப் பின்னால் போத்தலைக் கண்டுபிடித்தது நான்தான். கேட்டபோது அழுதார். பிறகு ஒன்று சொன்னார். அதைக் கேட்ட நாள் தொடக்கம்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

“மச்சாள், அண்ணாவுக்குச் சொல்லிப்போடாதீங்கோ. எங்கட மண்டபத்தில வச்சுத்தானே சொன்னவை. பொய் எண்டால் அங்க விடுவினமே?”

விற்றவரின் வாயை அவர் நம்பவில்லை. உங்கள் பெயர்ப்பலகையை நம்பினார். அந்த மண்டப நிர்வாகத்தார் வாடகை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்களில் சனசமூக நிலையத்துக் கதவுக்குள் நடப்பது ஊருக்கே பொறுப்பான காரியம் என்று சனம் எடுத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்ப உங்கள் அப்பா, பெரியப்பாமார் எத்தனை வருடம் பாடுபட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பேசியவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்த மடல் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். அதற்குள் உண்மையும் இருந்தது, அந்த உண்மைதான் மச்சாளைப் பிடித்தது. ஆகவே அந்த உண்மை எது, அது எங்கே முடிகிறது என்பதை நீங்களும் அறிந்திருக்க வேண்டும். வகுப்பில் சொன்னது போலவே சொல்கிறேன்.

காளான் தாவரம் அல்ல, பங்கசு. கீரையின் கலச்சுவர் செலுலோசால் ஆனது. காளானின் கலச்சுவரில் கைற்றினும் பீற்றா குளுக்கன் என்ற பல்சக்கரைட்டும் இருக்கின்றன. பல்சக்கரைட்டு என்பது வெல்ல மணிகளைக் கோத்த நீண்ட மாலை. நாங்கள் தின்னும் சோற்றிலுள்ள மாப்பொருளும் ஒரு பல்சக்கரைட்டுத்தான். இரண்டிலும் மணி ஒன்றே, குளுக்கோசு. வித்தியாசம் கோர்ப்பில் இருக்கிறது. மாப்பொருளில் ஒரு மணியின் முதலாம் காபனும் அடுத்த மணியின் நாலாம் காபனும் அல்பா முறையில் இணைகின்றன. அதை வெட்ட உமிழ்நீரே போதும். காளானில் முதலாம் காபனும் மூன்றாம் காபனும் பீற்றா முறையில் இணைந்து தண்டாகும், இடைக்கிடை ஆறாம் காபனில் கிளை விடும். இந்தக் கோர்ப்பை வெட்டும் நொதியம் எங்கள் உடலில் இல்லை. ஷிடாக்கே காளானின் லென்டினன் போன்ற சிலவற்றில் இப்படியான மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுகிக் கிடக்கும். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கும் முப்புரிக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று நான் படம் கீறிக் காட்டத் தேவையில்லை.

எங்கள் உடல் இந்தக் கயிற்றை ஒருபோதும் திரிப்பதில்லை. ஆகவே உள்ளே இந்த வடிவம் தென்பட்டால், பங்கசு ஒன்று புகுந்துவிட்டது என்றே உடல் எடுத்துக்கொள்ளும். அதை அடையாளம் காண வெண்குழியங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது டெக்டின் 1. அது பீற்றா குளுக்கனைப் பிடிக்கும் வாங்கி என்பதை 2001 இல் ஒக்ஸ்போர்ட்டில் கோர்டன் பிரவுணும் சீமன் கோர்டனும் காட்டினார்கள். பீற்றா குளுக்கன் அந்த வாங்கியில் வந்து பொருந்தியதும் தின்குழியம் என்ற வெண்குழியம் விழித்துக்கொள்ளும். எதிரே இருப்பதை விழுங்கும், அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களை வெளிவிடும், மற்ற வெண்குழியங்களைக் கூப்பிடும். உடலுக்கு இது பழைய பகை. பங்கசு நோய்களோடு மனித இனம் போராடிப் படித்த பாடம் அந்த வாங்கியில் எழுதப்பட்டிருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இன்னும் அழகான ஒன்று உண்டு. உங்கள் கையில் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இருக்கும். அது காசநோய்க்குப் போட்ட ஊசி. அதே ஊசி வேறு சில தொற்றுகளுக்கு எதிராகவும் உடலைத் தயார்ப்படுத்துவது தெரியவந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பணிபுரியும் மிஹாய் நெட்டேயாவும் கூட்டாளிகளும் 2011 இல் இதற்குப் ‘பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம்’, அதாவது பயிற்சி பெற்ற எதிர்ப்புச் சக்தி, என்ற கருத்தை முன்வைத்தார்கள். நிணநீர்க்குழியங்களுக்குத்தான் ஞாபகம் உண்டு என்று நாங்கள் படிப்பித்து வந்தோம். முதல் வரிசையில் நிற்கும் தின்குழியங்களுக்கும் ஒருவகை ஞாபகம் இருக்கிறதாம். பீற்றா குளுக்கனைச் சந்தித்த ஒற்றைக்குழியங்கள் என்ற வெண்குழியங்களில் மரபணு மாறுவதில்லை, ஆனால் மரபணு சுற்றி வைக்கப்பட்டிருக்கும் புரதங்களின் அடையாளங்கள் மாறுகின்றன. பிறகு வேறு கிருமி வந்தாலும் அந்தக் கலம் முன்னைவிட வேகமாக எழும்பும். ஆய்வுகூடத்தில் இது தெளிவாகவே காணப்பட்டிருக்கிறது.

ஆய்வுகூடத் தட்டில் கண்டதை ஒரு மனிதரின் வயிற்றுக்குள் கொண்டுவரும்போதுதான் கதை சிக்கலாகிறது. 2011 இல் வெளியான இன்னொரு ஆய்வு இதைச் சொன்னது. தண்ணீரில் கரையும் பீற்றா குளுக்கனும் டெக்டின் 1 இல் போய் ஒட்டும், ஆனால் அது வாங்கியைத் தட்டி எழுப்புவதில்லை. துகளாக இருக்கும் பீற்றா குளுக்கன்தான் எழுப்புகிறது. வாங்கி, தன் முன்னே நிற்பது முழுப் பங்கசுவா, சிதறிய தூசா என்று வேறுபடுத்துகிறது. அப்படியானால் போத்தலுக்குள் இருப்பது எந்த வடிவம், எந்த நீளம், எத்தனை கிளை என்பதெல்லாம் முக்கியமாகிவிடுகின்றன. வாயால் உட்கொண்டால் அது இரத்தத்தில் அப்படியே கலந்து ஓடப்போவதும் இல்லை. சிறுகுடற் சுவரில் பேயரின் திட்டுகள் என்ற நிணநீர்த் திட்டுகள் உண்டு. அங்குள்ள கலங்கள் கொஞ்சத்தைப் பிடித்து உள்ளே எடுக்கும். மீதி பெருங்குடல் பற்றீரியாக்களுக்குத் தீனி. எலிகளுக்கு ஒளிரும் பீற்றா குளுக்கனை வாய்வழி கொடுத்தபோது தின்குழியங்கள் அதைத் தூக்கிக்கொண்டு என்பு மச்சை வரை போனதை 2004 இல் கண்டார்கள். எலியில் கண்டது அது.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகத்தை இப்போது பாருங்கள். நிர்ப்பீடனம் தண்ணீர்த் தாங்கி அல்ல, மட்டத்தைக் கூட்டிக் குறைக்க. காவல் கூடினால் பாதுகாப்புக் கூடும் என்பது எப்போதும் உண்மையாகாது என்பதைச் சோதனைச் சாவடிகளோடு வாழ்ந்த எங்கள் ஊருக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. யாரை மறிப்பது, யாரை விடுவது, எப்போது ஓய்வது என்று தெரிந்த காவல்தான் காவல். ஓயத் தெரியாத நிர்ப்பீடனம் சொந்த மூட்டையும் சிறுநீரகத்தையும் தோலையும் தாக்கும். வாத மூட்டுவலியும் லூப்பசும் அப்படி வருபவை. வாத மூட்டுவலிக்கு ஆளாகும் இயல்போடு வளர்க்கப்பட்ட ஓர் எலி இனத்தில், பீற்றா குளுக்கனைச் செலுத்தியதாலேயே மூட்டழற்சி தொடங்கியதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005 இல் காட்டினார்கள். நாங்கள் எலிகள் அல்ல என்பது உண்மை. ஆனால் நல்ல பலனுக்கு எலியைக் காட்டும் ஒருவர் கெட்ட பலனுக்கும் அதே எலியைக் காட்ட வேண்டும்.

அன்று திரையில் ஜப்பானையும் காட்டினாராம். “ஜப்பானில் அரசாங்கமே புற்றுநோய்க்குக் காளான் மருந்து கொடுக்குது” என்றாராம். இதிலும் பாதி உண்மை. 1969 இல் ஜப்பானின் கோரோ சிஹாராவும் கூட்டாளிகளும் ஷிடாக்கேயிலிருந்து பிரித்த பல்சக்கரைட்டு எலிகளில் கட்டிகளைக் கட்டுப்படுத்தியதை வெளியிட்டார்கள். வான்கோழி வால் என்று அழைக்கப்படும் வரிவரியான மரக்காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற மருந்து 1977 இலும், லென்டினன் 1985 இலும், சிசோபிலன் 1986 இலும் அங்கே அனுமதி பெற்றன. சிசோபிலனைத் தரும் காளான் எங்கள் மண்ணுக்கும் அந்நியமானதல்ல. மழைக்குப் பின் பட்ட மாங்கொம்பில் சாம்பல் வெள்ளையாய், ரோமம் போர்த்த குட்டி விசிறிகள் போல முளைக்குமே, அதே இனம். உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

அந்த மருந்துகள் எப்படிப் பாவிக்கப்பட்டன என்பதை அவர் சொல்லவில்லை. லென்டினன் ஊசி மருந்து, குளிசை அல்ல. பி.எஸ்.கே. வாயால் எடுக்கும் மருந்து, ஆனால் குறித்த ஒரு வகையை ஆய்வுகூடத்தில் வளர்த்து, புரதத்தோடு இணைந்த பல்சக்கரைட்டாகப் பிரித்து, அளவு நிர்ணயித்துச் செய்தது. மூன்றும் பெரும்பாலும் சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றோடு சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டன. 1994 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஜப்பானிய ஆய்வில் இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த 262 பேரை எடுத்தார்கள். எல்லோருக்கும் கீமோ கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதோடு பி.எஸ்.கே. சேர்த்தார்கள். ஐந்து வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள் பி.எஸ்.கே. சேர்த்த குழுவில் 73 சதவீதம், சேர்க்காத குழுவில் 60 சதவீதம். மதிக்க வேண்டிய முடிவு, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கவனியுங்கள், அந்த 73 சதவீதத்தில் ஒருவர்கூடக் கீமோவை விட்டுவிட்டுக் காளானை எடுத்தவர் அல்ல.

லென்டினனின் கதை வேறு மாதிரி முடிந்தது. முற்றிய இரைப்பைப் புற்றுநோய் உள்ள 300க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு ஜப்பானில் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வில், கீமோவோடு லென்டினனும் பெற்றவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. முப்பது வருடம் அனுமதியோடு இருந்த மருந்துக்கே பெரிய ஆய்வு வந்தபோது இப்படி நேர்ந்தது. மச்சாளின் போத்தலில் எழுதியிருந்த ரெய்ஷிக்கு வருவோம். அதைப் பற்றிய நல்ல ஆய்வுகளை எல்லாம் திரட்டி ‘கொக்ரேன்’ குழு 2012 இல் மதிப்பிட்டது. கிடைத்தவை ஐந்து ஆய்வுகள், மொத்தம் 373 பேர். முதற் சிகிச்சையாக ரெய்ஷியைக் கொடுக்கப் போதிய சான்று இல்லை, வழமையான சிகிச்சைக்குத் துணையாக வேண்டுமானால் கருதலாம் என்பது அவர்களின் முடிவு. ‘துணையாக’ என்ற சொல்லை மண்டபத்தில் ஒருவராவது சொல்லியிருந்தால் மச்சாள் அந்த இரண்டு திகதிகளையும் தவறவிட்டிருக்க மாட்டார்.

இனிப் போத்தலைப் பார்ப்போம். ‘பல்சக்கரைட்டு 40 சதவீதம்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. கேட்பதற்குப் பெரிய விசயம். ஆனால் அரிசி மாவில் பல்சக்கரைட்டு அதைவிடக் கூடுதலாக இருக்கிறது, மாப்பொருளும் பல்சக்கரைட்டுத்தானே. காளானை அதன் குடையாக வளர விடாமல், தானியத்தில் பூசணமாகப் படரவிட்டு, தானியத்தோடு சேர்த்து அரைத்து விற்பவர்கள் உண்டு. அப்படி அரைத்த தூளில் காளானைவிடத் தானியமே கூடுதலாக இருக்கலாம். ஆகவே கேட்க வேண்டியது பல்சக்கரைட்டு எவ்வளவு என்பதல்ல, பீற்றா குளுக்கன் எவ்வளவு, மாப்பொருள் எவ்வளவு என்பதே.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பார்மசியில் காயத்துக்குப் போடும் அயடீன் மருந்து வாங்கினேன். குசினி மேசையில் இரண்டு வெள்ளைத் தட்டு வைத்தேன். ஒன்றில் சந்தையில் வாங்கிய சிப்பிக்காளானை வெயிலில் காயவைத்து இடித்த தூள். மற்றதில் போத்தலிலிருந்து திறந்த இரண்டு கூட்டுக் குளிசையின் தூள். இரண்டையும் சுடுநீரில் கரைத்து, ஆறவிட்டு, இரண்டு துளி அயடீன் விட்டேன். மாப்பொருள் இருந்தால் அயடீன் கருநீலமாகும். பங்கசுகள் மாப்பொருளைச் சேமிப்பதில்லை, எங்கள் ஈரலைப் போலக் கிளைக்கோசன் என்ற வேறொரு பல்சக்கரைட்டைச் சேமிப்பவை. சிப்பிக்காளான் தட்டு மருந்தின் மண்ணிறத்திலேயே இருந்தது. மற்றத் தட்டு ஒரு நொடியில் கருநீலமானது. மச்சாள் பக்கத்தில்தான் நின்றார். எட்டாம் வகுப்பில் கிழங்குத் துண்டில் விட்டுப் பார்த்த அதே நிறம். அவர் ஒன்றும் பேசவில்லை, அடகுக்கடை ரசீதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அயடீன் சோதனை எல்லாவற்றையும் சொல்லாது. கருநீலம் வராவிட்டால் தூள் நல்லது என்று அர்த்தமில்லை. கருநீலம் வந்தால் உள்ளே மாப்பொருள் கலந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். போத்தலில் காளானின் முழு விஞ்ஞானப் பெயர் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்குத்தான். ரெய்ஷி சேர்ந்த கனோடெர்மா என்ற பேரினத்தில் பல இனங்கள் உண்டு. கிழக்காசியாவில் ரெய்ஷி, லிங்சி என்ற பெயர்களில் பயிரிடும் காளானுக்கே 2012 இல்தான் தனி இனப்பெயர் கொடுத்தார்கள். இதன் உறவினங்கள் தென்னையின் அடிமரத்தை அழுகவைப்பவை, தஞ்சாவூர் வாடல் நோய் என்று தென்னைக்காரர் பயப்படுவது அதற்குத்தான். கூட்டத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, “இது எங்கட வளவுத் தென்னையிலயும் இருக்கு” என்று வெட்டியெடுத்து அவித்துக் குடிக்க ஒருவர் யோசித்ததாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம்.

யார் யார் கட்டாயம் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அறிவித்தல் பலகைக்கு உதவும். சிறுநீரகம் மாற்றியவர்கள், ஏனெனில் அவர்கள் குடிக்கும் மருந்துகள் நிர்ப்பீடனத்தை வேண்டுமென்றே அடக்கி வைப்பவை, அதை எழுப்பும் பொருள் மாற்றிய உறுப்புக்கு ஆபத்து. லூப்பசு, வாத மூட்டுவலி உள்ளவர்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து குடிப்பவர்கள், சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தவர்கள், ஏனெனில் ரெய்ஷி இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். ஈரல் நோயுள்ளவர்கள், ரெய்ஷித் தூளால் ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கீமோவில் இருப்பவர்களைப் பற்றி இனியும் சொல்ல வேண்டியதில்லை. ஷிடாக்கேயை அரைவேக்காட்டில் தின்றால் சிலருக்கு முதுகில் சவுக்கால் அடித்த மாதிரிச் செந்தழும்புகள் எழும்பும். லென்டினனால் வருவது அது, ஜப்பானில் 1977 இல் முதலில் எழுதிவைத்தார்கள். நன்றாக அவித்தால் பெரும்பாலும் வராது.

காளானுக்கு நான் எதிரி அல்ல. எங்கள் மாதர் சங்கங்களில் பெண்கள் மரத்தூள் அடைத்த பைகளில் சிப்பிக்காளான் வளர்த்து விற்கிறார்கள். அதை வாங்குங்கள். தேங்காய்ப்பாலில் கறி வையுங்கள், மிளகு போட்டுச் சூப்பாக வையுங்கள். பீற்றா குளுக்கன் சூட்டுக்கு அழியாது, சுடுநீரில்தான் அதைப் பிரித்தெடுப்பார்கள். நார்ச்சத்தும் புரதமும் உள்ள நல்ல சாப்பாடு. அதை மருந்தென்று சொல்லாமல் விற்கும் அந்தப் பெண்களுக்கு 18,500 ரூபாவில் எத்தனை பக்கெற் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மண்டபம் கேட்டு வருபவரிடம், விற்கப்போகும் பொருளின் பெயரையும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அல்லது ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவுக் கடிதப் பிரதியையும் வாங்குங்கள். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், உணவுக்கும் மருந்துக்கும் இடையில் நிற்கும் பொருட்களும் அந்தச் சபையின் பார்வைக்குள் வருகின்றன. “இது உணவு, பதிவு தேவையில்லை” என்று சொன்னால், அப்படியானால் மேடையில் எந்த நோயின் பெயரும் சொல்லக்கூடாது என்று எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள். உணவை விற்பவருக்குப் புற்றுநோய் என்ற சொல் எதற்கு? ஆள் சேர்த்தால் காசு என்று பேச்சு வந்தால் உடனே நிறுத்துங்கள். பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டவை, அதற்கு இடம்கொடுத்த பெயர் உங்கள் நிலையத்துக்கு வரக்கூடாது.

கூட்டம் நடந்தே ஆகவேண்டுமென்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முன்கூட்டியே அறிவித்து ஒருவரை வந்து உட்காரச் சொல்லுங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், அங்கிருந்தும் ஒருவரை அழைக்கலாம். நேர்மையாக விற்பவர் அவர்களைக் கண்டு பயப்பட மாட்டார். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்தென்று சொன்ன ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்ததை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் முட்டாள்கள் அல்லர், பயந்தவர்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமைக்கும் மட்டக்களப்புக்கும் தெல்லிப்பளைக்கும் விடியற்காலை பஸ் ஏறும் எங்கள் நோயாளர்களும் அப்படித்தான். பயந்தவர்கள் கூடும் இடத்தில் யார் பேசலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கொழும்பில் இல்லை, உங்கள் மேசை இலாச்சிக்குள் கிடக்கும் திறப்பில் இருக்கிறது.

இன்னொன்று, இதை எல்லாவற்றையும்விடக் கெஞ்சிக் கேட்கிறேன். “டொக்டர்மாருக்குச் சொல்லத் தேவையில்லை, அவைக்கு இது விளங்காது” என்று அன்று மேடையில் சொன்னாராம். அந்த வசனம் வந்த நிமிடமே மைக்கை வாங்குங்கள். எழும்பிப் போய் வாங்குங்கள். மச்சாளை நான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது போத்தலையும் கையில் கொண்டுபோனோம். ஏச்சு விழும் என்று அவர் நடுங்கினார். அந்த இளம் டொக்டர் ஏசவில்லை. போத்தலை வாங்கி நான்கு பக்கமும் வாசித்தார், கிளினிக் கொப்பியில் பெயரை எழுதினார். “அம்மா, கீமோ முடியும்வரை இதை விடுங்கோ. முடிஞ்ச பிறகு ஆசையெண்டால் திரும்பக் கொண்டுவாங்கோ, பேசுவம்” என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்து அடுத்த கிழமைக்குத் திகதி கொடுத்தார். மச்சாள் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து, “இவ்வளவுதானா மச்சாள்?” என்று கேட்டார்.

மச்சாளுக்கு இன்னும் ஒரு தரம் கீமோ இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு நேரம் கிடைக்கும். உங்களில் எந்த நிலையமாவது கூப்பிட்டால், மூதூரோ கிண்ணியாவோ தம்பலகாமமோ குச்சவெளியோ, பஸ்ஸில் வருகிறேன். பணிசும் தேநீரும் வேண்டாம். ஒரு மேசை, இரண்டு வெள்ளைத் தட்டு, சுடுதண்ணீர் போதும். அயடீனை நானே கொண்டுவருவேன். வீட்டில் இருக்கும் போத்தல்களைச் சனம் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.